இரண்டு கவளத்தில் ஏன் போதும் என்கிறார்?

இரைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் தம் தந்தையைப் பற்றி ஒரு வாசகி எழுதியிருந்தார். முட்டையில் எவ்வளவு புரதம், பாசிப்பயற்றில் எவ்வளவு என்று அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாராம். தந்தையோ இரண்டு கவளத்தில் தட்டை நகர்த்திவிடுகிறார். எல்லாம் தெரிந்தும் ஏன் அடம்பிடிக்கிறார் என்பது அவருடைய கேள்வி.

அது அடமன்று. கட்டியால் ஏற்படும் அடைப்பு, மருந்தால் வரும் வாய்ப்புண், மாறிப்போகும் சுவை ஆகியவை பலரும் அறிந்த காரணங்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையில் சுரப்பதால், இரைப்பையை அகற்றியவர்களுக்கு அந்தத் தூண்டுதலும் குறைகிறது. ஆனால் என்னை வியக்கவைப்பது, பின்கழுத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் இருக்கும் ஒரு சிறு பகுதி.

இரத்தத்தில் உள்ள பெரும்பாலான பொருள்கள் மூளைக்குள் நுழையாதபடி அங்குள்ள நாளச் சுவர்கள் இறுக்கமாக இருக்கும் என்று படித்திருப்போம். முகுளத்தின் இப்பகுதியில் அந்தச் சுவர் தளர்ந்திருக்கிறது. இரத்தத்தில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று ருசி பார்த்து, கலந்திருந்தால் குமட்டலைக் கிளப்புவது அதன் வேலை. செல்கள் நெருக்கடிக்குள்ளாகும்போது ஜிடிஎஃப்-15 என்ற புரதத்தை வெளியிடுகின்றன. பல புற்றுநோய்க் கட்டிகள் அதை மிகுதியாகச் சுரக்கின்றன. 2017-இல் நான்கு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே அதன் ஏற்பியை, அதாவது அப்புரதம் வந்து ஒட்டிச் செயல்படும் இடத்தை, கண்டறிந்தன. அது இருந்ததோ, ஏறக்குறைய முழுவதுமாக, முகுளத்தின் இதே பகுதியிலும் அதை ஒட்டிய நரம்பணுத் திரளிலும்தான். நஞ்சே உண்ணாத ஒருவரின் மூளை, நஞ்சுண்டதாக நம்பி உணவை மறுக்கிறது. கர்ப்ப கால மசக்கைக்கும் இப்புரதமே முக்கியக் காரணம் என்று 2023-இல் தெரியவந்தது. மசக்கையில் துவண்டிருக்கும் பெண்ணிடம் நாம் புரத அட்டவணையை நீட்டுவதில்லை.

இப்புரதத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் பான்செக்ரோமாப் என்ற மருந்தை நுரையீரல், கணையம், பெருங்குடல் புற்றுநோயாளிகள் 187 பேரிடம் சோதித்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். அதிக அளவு மருந்து பெற்றவர்களின் எடை, மருந்தில்லா ஊசி பெற்றவர்களோடு ஒப்பிடுகையில், 12 வாரங்களில் சுமார் 2.8 கிலோ கூடியிருந்தது. பெரிய சோதனைகள் இன்னும் தேவை.

இதற்கிடையே, பட்டினி கிடந்தால் கட்டி சுருங்கும் என்று கைப்பேசிகளில் சுற்றும் அறிவுரை எனக்குக் கோபமூட்டுகிறது. உண்ணாவிட்டாலும் தசைப் புரதம் உடைந்து, அதிலிருந்து கட்டிக்கு வேண்டிய சர்க்கரையைக் கல்லீரல் தயாரித்துவிடும். கரைவது நோயாளியின் தசைதான்.

அட்டவணையைக் கிழிக்க வேண்டியதில்லை; அது தந்தைக்கானது அன்று, சமைப்பவருக்கானது. நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 25 முதல் 30 கலோரி, ஒன்று முதல் ஒன்றரை கிராம் வரை புரதம் என்பது பொதுவான இலக்கு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் அதை மாற்றுவார். மூன்று வேளைச் சோற்றை ஆறேழு முறையாகப் பிரிக்கலாம். தாளிக்கும் வாசமே குமட்டினால், சூடு ஆறிய தயிர்ச்சோற்றைக் குழையப் பிசைந்து, தட்டில் அல்லாமல் சிறு கிண்ணத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.