சவ்வு வேறு, வடிகட்டி வேறு

உப்புக்கரைசலை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் முறையைத் தமிழில் எழுதுவோர் பலர், கலத்தின் நடுவில் இருக்கும், ஆங்கிலத்தில் ‘அயன் எக்ஸ்சேஞ்ச் மெம்பிரேன்’ எனப்படும் பொருளை ‘அயனி வடிகட்டி’ என்கிறார்கள். போன வாரம் ஒரு பயிற்சிக் கையேட்டிலும் அதே சொல். இனியும் பொறுக்க முடியவில்லை.

மின்சுமையுள்ள துகளைக் குறிக்கும் ‘அயனி’, 1834இல் பாரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல்லின் தமிழ் வடிவம். கிரேக்கத்தில் ‘செல்வது’ என்று பொருள். தமிழில் ஊன்றிவிட்டது, இருக்கட்டும். ‘மெம்பிரேன்’ என்பதன் இலத்தீன் மூலம் தோலைக் குறிப்பது. நம்மிடம் ‘சவ்வு’ இருக்கிறது.

வடிகட்டி துளையின் அளவைக் கொண்டு பிரிப்பது. இங்கே பிரிப்பது மின்சுமை. சவ்வில், ஃபுளோரின் ஏறிய பலபடிச் (பாலிமர்) சங்கிலியில் எதிர்மின்சுமைத் தொகுதிகள் நிலையாகப் பிணைந்திருக்கின்றன. நேர்மின்சுமையுள்ள சோடியம் அவற்றைப் பற்றிப் பற்றி மறுபக்கம் போகிறது. குளோரைடும் ஹைட்ராக்சைடும் பெரும்பாலும் விலக்கப்படுகின்றன. அதனால்தான் உப்புக் கலப்பு மிகக் குறைவான, சுமார் 32 சதவீதக் காஸ்டிக் கரைசல் நேராகக் கிடைக்கிறது.

சொல் பிழைத்தால் வேலையும் பிழைக்கும். வடிகட்டி என்று படித்தவர், அழுக்கை அது நிறுத்திக்கொள்ளும் என்றுதானே நினைப்பார்? உண்மையில் கால்சியமும் மக்னீசியமும் உள்ளே நுழைந்து, ஹைட்ராக்சைடாக வீழ்படிந்து, சவ்வையே கெடுத்துவிடும். ஆகவே இரண்டும் சேர்ந்து நூறு கோடியில் சுமார் 20 பங்குக்கு மேல் போகாதபடி கரைசலை முன்பே சுத்திகரிக்கிறார்கள். வடிகட்டுவதெல்லாம் அதற்கு முந்திய கட்டத்தில்.

சிலர் ‘மென்படலம்’ என்பார்கள். பிழையில்லை, ஆனால் படலம் என்றதும் ஒன்றின்மேல் படிந்தது என்ற எண்ணமே எனக்கு முதலில் வருகிறது. சவ்வு தனியாக நின்று இரண்டு பக்கத்தைப் பிரிக்கும்; முட்டை ஓட்டுக்குள் இருப்பதைப் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம். ‘அயனி மாற்றுச் சவ்வு’ என்பதில் வேறு சிக்கல்: மாற்றுச் சாவி போல, பழையது கிழிந்தால் போடும் சவ்வு என்றும் படிக்கலாம். ‘அயனிப் பரிமாற்றச் சவ்வு’ என்றால் அந்த மயக்கம் இல்லை. நிலைத்த தொகுதி ஒரு சோடியத்தை விட்டு இன்னொன்றை ஏற்பதும் பரிமாற்றமே.

இன்னொரு குழப்பமும் உண்டு. பழைய கலங்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இடைத்திரை இருந்தது. அதன் நுண்துளைகள் வழியே கரைசலே கசிந்து போகும். கிடைக்கும் காஸ்டிக்கில் உப்பு நிறையக் கலந்திருக்கும். சவ்வு வந்ததும் அந்தக் குறை பெரிதும் தீர்ந்தது. மொழிபெயர்ப்பாளர்களோ இரண்டையும் ‘வடிகட்டி’ என்று எழுதி, இரண்டு முறைகளையும் ஒப்பிடும் பத்தியையே படிக்க முடியாததாக்கிவிடுகிறார்கள். முன்னதை இடைத்திரை என்றும் பின்னதைச் சவ்வு என்றும் எழுதினால் அந்தப் பத்தி தானே விளங்கும்.