தன்னுரிமை வாழ்வு

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பற்றிய பேச்சில் வரும் 'இன்டிபென்டன்ட் லிவிங்' என்னும் தொடரைத் தமிழில் 'தற்சார்பு வாழ்வு' என்று பெயர்ப்பது, அத்தொடரை உருவாக்கியவர்கள் கருதிய பொருளையே தலைகீழாக்கிவிடுகிறது.

'தொங்குதல்' என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து 'டிபென்டன்ட்' வந்தது. எதையும் பற்றித் தொங்காதது 'இன்டிபென்டன்ட்'. ஆனால் இங்கே பொருளைத் தருவது வேர்ச்சொல் அன்று. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் நடந்த போராட்டம். பதினான்கு வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, 'இரும்பு நுரையீரல்' என்னும் கருவியின் துணையோடு மூச்சுவிட்ட எட் ராபர்ட்ஸ், 1962-இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, அக்கருவிக்கு இடந்தரும் விடுதி இல்லாமையால் வளாக மருத்துவமனையிலேயே தங்கவேண்டியிருந்தது. அவரும் அவரைப் போன்ற தோழர்களும் எடுத்த முயற்சியில் 1972-இல் முதல் 'இன்டிபென்டன்ட் லிவிங்' மையம் அந்நகரில் தோன்றியது. உண்ணவும் உடுத்தவும் பிறர் கை வேண்டியிருந்தவர்கள் அவர்களுள் பலர். எப்போது எழுவது, யாரை உதவியாளராக அமர்த்துவது, எந்தத் தெருவில் குடியிருப்பது என்பவற்றைத் தாமே முடிவுசெய்வதைத்தான் அத்தொடரால் குறித்தார்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து 2006-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆம் உறுப்பு இப்பொருளையே உரிமையாக்கியது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவும், மாற்றுத்திறனாளிகளுக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு என்கிறது; குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் வாழவேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லாதிருக்கவும், தனி உதவியாளர் உள்ளிட்ட சேவைகள் கிடைக்கவும் அரசு முயலவேண்டும் என்கிறது. 'முயலவேண்டும்' என்ற அளவில் அது நின்றுவிட்டது பெருங்குறை. உதவியாளர் கிடைக்காதவருக்கு ஏட்டிலுள்ள உரிமையால் பயனில்லை.

உதவி பெறுவது தமிழ் மரபில் இழுக்கும் அன்று. 'மதலையாம் சார்பிலார்க்கு இல்லை நிலை' என்கிறது குறள் (449). சார்பே நிலைபெறச் செய்யும் என்று வள்ளுவர் கூறியிருக்க, சார்பின்மையைத் தகுதியாக்கும் 'தற்சார்பு' இவ்விடத்துக்கு ஒவ்வாது. 'தனித்து வாழ்தல்' என்பது இன்னும் தீங்கானது. ஊரோடு சேர்ந்து வாழக் கேட்பவரை அது ஒதுக்கிவைக்கிறது.

'தன்னுரிமை வாழ்வு' என்பதே தக்க தொடர். மக்கள் தம் அரசியலைத் தாமே தீர்மானிப்பதைக் குறிக்கத் 'தன்னுரிமை' முன்பே வழங்குவதால், முடிவெடுக்கும் உரிமை என்ற கரு அதில் பிழையின்றி விளங்கும். காப்பகத்திலிருந்து சிறு வீட்டுக்கு மாற்றப்பட்ட ஒருவரின் உணவையும் உறக்கத்தையும் வெளியே செல்லும் நேரத்தையும் அங்கும் பணியாளர்களே முடிவுசெய்தால், அவ்வீட்டு வாழ்க்கையை இப்பெயரால் அழைக்கலாகாது.