ஸ்பின்-டவுன்: சுழல் ஓய்வு

சும்மா இருக்கும் ஹார்டு டிஸ்க்கின் தட்டுகளைச் சுழலவிடாமல் மோட்டாரை நிறுத்தி வைப்பதற்கு ஸ்பின்-டவுன் என்று பெயர். மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும், சர்வர் கூப்பிட்டால் வட்டு பதில் சொல்லும், தட்டு மட்டும் அசையாது. திரும்ப ஓடத் தொடங்குவது ஸ்பின்-அப்.

'ஸ்பின்' பழைய ஆங்கிலத்தில் நூற்பதைக் குறித்த சொல். பஞ்சை இழுத்து முறுக்கி நூலாக்கும் வேலைக்குக் கதிர் விடாமல் சுழல வேண்டும். பிற்காலத்தில் அந்தச் சுழற்சியே சொல்லின் பொருளாகிவிட்டது. வட்டின் மோட்டார் பெயரில் வரும் 'ஸ்பிண்டில்' என்ற சொல்லும் அந்தக் குடும்பம்தான். கைராட்டையில் நாம் கதிர் என்பது அதைத்தான். ஆனால் 'கதிர் மோட்டார்' என்று எழுதினால் படிப்பவர் கதிர்வீச்சை நினைத்துக்கொள்வார், ஆகவே 'அச்சு மோட்டார்' போதும்.

தடுமாற்றம் 'டவுன்' என்ற பாதியில்தான். இயந்திர மொழிபெயர்ப்புகள் 'கீழே சுழற்று', 'கீழ்ச்சுழற்சி' என்றெல்லாம் தருகின்றன. இங்கே கீழும் இல்லை, மேலும் இல்லை. வேகம் படிப்படியாகக் குறைந்து அடங்குவதையே அந்த 'டவுன்' சொல்கிறது. அதற்குத் தமிழில் 'ஓய்தல்' இருக்கிறது. மழை ஓய்ந்தது, காற்று ஓய்ந்தது என்கிறோம். இரண்டிலும் சட்டென்று அறுபடாமல் தணிந்து நிற்பது தெரிகிறது. எனவே ஸ்பின்-டவுனுக்கு 'சுழல் ஓய்வு', ஸ்பின்-அப்புக்குச் 'சுழல் தொடக்கம்'. வினையாக எழுதினால் 'தட்டு ஓய்ந்தது'. 'சுழல்நிறுத்தம்' என்பதும் பிழையில்லை, ஆனால் மின்சாரத்தைத் துண்டிப்பது போன்ற தொனி அதில் வந்துவிடுகிறது.

'தூக்கம்' என்ற சொல்லை மட்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். வட்டும் கணினியும் பேசிக்கொள்ளும் ஏடிஏ நெறிமுறையில் 'ஸ்லீப்' என்று தனியாக ஒரு நிலை இருக்கிறது. (பம்பரம் ஆடாமல் அசையாமல் முழு வேகத்தில் சுற்றும்போதுதான் 'தூங்குது' என்போம். அந்தக் கணக்கிலும் இந்தச் சொல் இங்கே தலைகீழ்.) நிலைகள் நான்கு. இயங்கு நிலையில் தட்டு சுழல்கிறது, படிப்பும் எழுத்தும் நடக்கின்றன. வெற்று நிலையான 'ஐடில்'-இல் தட்டு சுழலும், வேலை இருக்காது. பல வட்டுகள் இந்த நிலையில், தரவைப் படித்து எழுதும் முனையான ஹெட்டை ஓரமாக நிறுத்திவைக்கும். காத்திருப்பு நிலையான 'ஸ்டாண்ட்பை'-இல் தட்டு நின்றிருக்கும், கட்டளை வந்தால் தானே எழும். 'ஸ்லீப்'-இல் இணைப்பையே ரீசெட் செய்தால்தான் எழும். சுழல் ஓய்வு என்பது இவற்றில் மூன்றாவது.

இந்த வேறுபாடு தெரியாததால் எண்ணிக்கைகளைத் தவறாகப் படிப்பவர்கள் அதிகம். வட்டு தன் உடல்நலத்தைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 193-ஆம் எண்ணில் வரும் 'லோடு சைக்கிள்' ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் ஏறினால், வட்டு ஓயாமல் நின்று எழுகிறது என்று பதறுகிறார்கள். அது ஹெட் ஓரங்கட்டப்பட்ட எண்ணிக்கை. தட்டு நின்று எழுவதைக் காட்டுவது 4-ஆம் எண்ணான 'ஸ்டார்ட் ஸ்டாப்'. 193 ஏறி 4 நகராமல் நின்றால் அங்கே சுழல் ஓய்வே நடக்கவில்லை. ஹெட் ஓரங்கட்டலுக்கு உற்பத்தியாளர்கள் தரும் வரம்பு பல வட்டுகளில் 3 லட்சம் அல்லது 6 லட்சம் என்பதால், 193-ஐத் தனியாகக் கவனிக்க வேண்டியதும் உண்மைதான்.

லினக்ஸில் ஓய்வு நேரத்தை அமைக்கும் வழக்கமான கருவி எச்டிபார்ம். அதில் பெரிய எழுத்து 'எஸ்' விருப்பத்துக்குத் தரும் எண் நிமிடமும் இல்லை, விநாடியும் இல்லை. 1 முதல் 240 வரை ஒவ்வொரு அலகும் 5 விநாடி. 120 என்றால் 10 நிமிடம், 240 என்றால் 20 நிமிடம். 241 முதல் 251 வரை ஒவ்வொரு அலகும் அரை மணி. 241 அரை மணி, 242 ஒரு மணி, 251 ஐந்தரை மணி. சுழியம் என்றால் ஓய்வே கிடையாது. ஒரு மணி நேரம் வேண்டும் என்று 60 எழுதுபவருக்கு வட்டு 5 நிமிடத்தில் ஓய்ந்துவிடும். நாள் முழுக்க நின்று எழுந்துகொண்டிருக்கும். மின்சாரம் போய் வந்தால் இந்த அமைப்பு அழியும் என்பதால் டெபியனில் அதை எச்டிபார்மின் அமைப்புக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். அங்கேயும் வட்டை எஸ்டிஏ, எஸ்டிபி என்று குறிக்காமல் வரிசை எண் அடங்கிய நிலையான பெயரால் குறிக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த முறை இயக்கும்போது எழுத்துகள் இடம் மாறலாம்.

பெரிய எழுத்து 'பி' விருப்பத்தையும் பாருங்கள். அது வட்டின் மின் மேலாண்மை அளவு. 1 முதல் 127 வரை சுழல் ஓய்வுக்கு அனுமதி உண்டு, 128 முதல் 254 வரை இல்லை.

ஓயவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். சிறிய எழுத்து 'ஒய்' விருப்பத்தால் வட்டை உடனே ஓயச் செய்து, பிறகு பெரிய எழுத்து 'சி' விருப்பத்தால் நிலையைக் கேளுங்கள். நிலையைக் கேட்பது வட்டை எழுப்பாது. நெடுநேரம் காத்திருப்பிலேயே இருந்தால் யாரும் அதைத் தொடவில்லை. கோளாறு நேர அமைப்பில். வட்டின் நிலைபொருள் (உள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) அந்தக் கட்டளையைப் பொருட்படுத்தவில்லை, அல்லது யுஎஸ்பி பெட்டியின் இணைப்புச் சிப் அதை வட்டுக்குக் கடத்தவில்லை. இரண்டுக்கும் மருந்து எச்டி-ஐடில் என்ற கருவி. இது வட்டின் உள் கடிகாரத்தை நம்பாமல், இயங்குதளத்தின் மையமான கர்னல் வைத்திருக்கும் படிப்பு, எழுத்துக் கணக்கைப் பார்த்துத் தானே நிறுத்தும். 600 விநாடியில் தொடங்கிப் பாருங்கள்.

சில நிமிடங்களில் எழுந்துவிட்டால் யாரோ தொடுகிறார்கள். எவர் என்பதற்கு அதே கர்னல் கணக்குதான் சாட்சி. அந்த வட்டின் புள்ளிவிவரக் கோப்பைப் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை படித்து ஒப்பிடுங்கள். எழுதிய செக்டர் ஏறியிருந்தால் பதிவுக் கோப்புகள், டாக்கர் கண்டெய்னர்கள், தரவுத்தளம் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். படித்தது மட்டும் ஏறியிருந்தால் மீடியா சர்வரின் நூலகத் தேடல், சிறுபட உருவாக்கம், கோப்புப் பெயர்களைத் திரட்டும் இரவு நேர லொகேட் பட்டியல், அல்லது பகிர்வுக் கோப்புறையைத் திறந்தே வைத்திருக்கும் விண்டோஸ் கணினி. இரண்டுமே ஏறாமல் வட்டு எழுந்தால் சந்தேகம் உடல்நலக் கண்காணிப்பின் மேல் விழ வேண்டும். ஸ்மார்ட் கேள்விகள் பொதுவாக இந்தக் கணக்கில் சேர்வதில்லை. அந்தக் கண்காணிப்பைச் செய்யும் ஸ்மார்ட்-டி என்ற பின்னணி நிரல் இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கும். சில வட்டுகளில் அந்தக் கேள்வியே ஓய்வுக் கடிகாரத்தைத் திரும்பத் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும்; ஒரு மணி நேரம் அமைத்திருந்தால் வட்டு ஒருநாளும் ஓயாது. ஸ்மார்ட்-டியின் அமைப்புக் கோப்பில் சிறிய எழுத்து 'என்' விருப்பத்துக்கு 'ஸ்டாண்ட்பை' என்று தந்தால் ஓய்ந்த வட்டை விட்டுவிடும், ஆனால் ஓயாத வட்டை அப்போதும் கேட்கும். ஆகவே ஓய்வு நேரத்தை 30 நிமிடத்துக்குக் குறைவாக வைக்க வேண்டும், இல்லையேல் கேட்கும் இடைவெளியை நீட்ட வேண்டும்.

எந்தக் கோப்பு என்று தெரிய ஃபேட்ரேஸ் கருவியை ஓடவிட்டுக் காத்திருங்கள். கோப்பு முறைமை தானாக எழுதுவது அதில் தெரியாது, அதற்கு பிளாக்ட்ரேஸ். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் புதிதாக வடிவமைத்த பெரிய வட்டு பலமணி நேரம் யாரும் தொடாமலே எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பழுது என்று நினைப்பதுண்டு. வடிவமைக்கும்போது தள்ளிப்போட்ட அட்டவணை வேலையைக் கர்னல் பின்னணியில் முடிக்கிறது, அவ்வளவுதான். முடிந்தால் தானே அடங்கும். சேமிப்பு சர்வருக்கான இயங்குதளமான ட்ரூநாஸில், அது தன் சொந்தத் தரவை வைக்கும் 'சிஸ்டம் டேட்டாசெட்' வட்டுக் குழுவில் இருந்தால் அது இடைவிடாமல் எழுதும், அதைத் துவக்க எஸ்எஸ்டி போன்ற வேறிடத்துக்கு மாற்றாமல் வேறெதைச் செய்தும் பயனில்லை.

எழுவதிலும் சிக்கல் உண்டு. 3.5 அங்குல வட்டு எழும் கணத்தில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். நான்கும் சேர்ந்து எழுந்தால் 8 ஆம்பியர். சிறிய அடாப்டர் தடுமாறி, வட்டு காணாமல் போனதாகப் பிழை வரும். கர்னல் ஒரு கட்டளைக்கு இயல்பாக 30 விநாடி பொறுக்கும் என்பதால், பத்துப் பதினைந்து விநாடியில் எழும் ஒற்றை வட்டால் தொல்லையில்லை. தரவைப் பல வட்டுகளில் பிரித்து வைக்கும் ரெய்டு 5 தொகுப்பில் வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பும் கட்டுப்பாட்டு அட்டை இருந்தால் எட்டு வட்டுக்கு ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம், படம் பார்க்க உட்கார்ந்தவர் சர்வர் செத்துவிட்டதாக நினைப்பார்.

லாபம் எவ்வளவு? வட்டுக்கு 5 வாட் மிச்சம் என்று கொண்டால் நான்குக்கு 20 வாட். நாள் முழுக்க ஓய்ந்திருந்தாலும் அறுபது நாளுக்கு 29 யூனிட்தான். ரெய்டு 5-இல் ஒரு பாட்டுக் கோப்பைத் திறந்தாலே பல வட்டுகள் எழ வேண்டியிருப்பதால் அதுவும் முழுதாகக் கிடைக்காது. ஒவ்வொரு வட்டையும் தனிக் கோப்பு முறைமையாக வைத்து ஸ்னாப்ரெய்டு, மெர்ஜர்எஃப்எஸ் என்ற மென்பொருள்களைக் கொண்டு இணைத்தால் தேவையான வட்டு மட்டும் எழும். சுழல் ஓய்வு உண்மையில் பொருந்துவது அங்கேதான். 4-ஆம் எண் நாளுக்குப் பத்துக்கு மேல் ஏறுகிறதென்றால், தொடுபவரைக் கண்டுபிடிக்கும்வரை ஓய்வு நேரத்தை 242-க்கு உயர்த்தி வையுங்கள்.