ஆமை ஓட்டுக்கு வலிக்கும்ங்க, தயவுசெஞ்சு அதுல டிரில் போடாதீங்க

இந்த வாரம் மறுபடியும் ஒரு ஆமை கேஸ். குடியாத்தம் பக்கத்துல இருந்து ஒருத்தர் அட்டைப்பெட்டில வச்சு எடுத்துனு வந்தாரு. ஓட்டு ஓரத்துல டிரில் போட்டு, நைலான் கயிறு கோத்து, கிணத்தடியில கட்டிப்போட்டிருக்காங்க. துளையைச் சுத்தி சீழ், உள்ள புழு. கேட்டா "ஓடு தானே சார், அதுக்கு எப்படி வலிக்கும்?"னு எல்லாரும் கேக்குற அதே கேள்வி.

வலிக்கும்ங்க. ஓடு அது போட்டிருக்குற சட்டை இல்ல, கழட்டிட்டு வெளிய வரவும் முடியாது. அதோட முதுகெலும்பும் விலா எலும்பும் விரிஞ்சு ஒண்ணாச் சேந்ததுதான் மேல் ஓடு. உயிருள்ள எலும்பு அது, ரத்தம் ஓடுது, நரம்பு இருக்கு. மேல தெரியுற தகடு நம்ம நகம் மாதிரி கெரட்டின்ங்குற பொருள், அதை மெதுவா தடவினாலே ஆமைக்குத் தெரியும். நுரையீரல் மேல் ஓட்டுக்கு நேர் கீழ இருக்கு, அதனால நடு ஓடு விரிசல் விட்டா நாங்க முதல்ல மூச்சைத்தான் பாப்போம். இதுல ஃபெவிக்விக் ஊத்தி, எம்-சீல் அப்பி எடுத்துனு வராங்க பாருங்க, அழுக்கும் கிருமியும் உள்ளயே மாட்டிக்கும், நான் முதல்ல அதை சுரண்டி எடுக்கணும், அந்த வலி வேற. ஓடு விரிசல் ஆற மாசக்கணக்குல ஆகும்.

நட்சத்திர ஆமை தலையை இழுத்துக்கிட்டு, செதில் வச்ச முன்னங்காலை மடக்கி முன்னாடி அடைச்சுக்கும். அப்ப வர்ற புஸ்ஸு சத்தம் சீறல் இல்ல, தலை உள்ள போறப்ப நுரையீரல் காத்து வெளிய வருது. நம்ம ஏரி ஆமைக்கு ஓடு மேல தோல்தான், அடியில பின்னங்காலை மூடிக்க மடல் இருக்கு, கடிக்கவும் செய்யும், ஆனா அதோட பெரிய பாதுகாப்பு சேத்துக்குள்ள புதைஞ்சுக்கிறதுதான். இதெல்லாம் கீரி, நரிக்கு ஓரளவு சரி. விடாம உக்காந்து கடிக்கிற தெருநாய்க்கும் ஜேசிபிக்கும் என்ன பண்ணும்?

உள்ள இழுத்துக்குச்சுன்னா பயந்துபோயிருக்குன்னு அர்த்தம். குச்சி விட்டு நோண்டாதீங்க, தட்டிப் பாக்காதீங்க, தலைகீழா திருப்பிப்போட்டு வீடியோ எடுக்காதீங்க. பயத்துல மூத்திரம் விட்டுடும், அது சேத்து வச்சிருக்குற தண்ணி, நம்ம வேலூர் வெயில்ல அது போனா உயிருக்கே ஆபத்து.

ரோட்டைக் கடந்தா, அது போற பக்கமே ஓரமா விடுங்க. நட்சத்திர ஆமையைப் புண்ணியம்னு ஏரில வீசாதீங்க, தரையில வாழுறது, மூழ்கிச் செத்துடும். நாய் கடிச்சிருந்தா மஞ்சள் கிஞ்சள் வேணாம், சுத்தமான துணி போட்டு, காத்து போற பெட்டில, தண்ணி இல்லாம, அன்னைக்கே டாக்டர்கிட்ட எடுத்துனு வாங்க, வனத்துறைக்கும் சொல்லிடுங்க. அதிர்ஷ்டம்னு வீட்டுல வளக்குறது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு கல்லால அடிக்கிறவங்களுக்கும் அதே சட்டம்தான்.

கோடையில ஏரில வண்டல் எடுக்குற அண்ணன்களுக்கு ஒரு வேண்டுகோள். தண்ணி வத்தினா ஆமைங்க அந்த மண்ணுக்குள்ளதான் மழை வர்ற வரைக்கும் படுத்திருக்கும். ஜேசிபி பக்கெட்ல ஒண்ணு வந்தா வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்தி, அடிபடலன்னா மண்ணு எடுக்காத பக்கமா ஈரச்சேத்துல விட்டுடுங்கண்ணா, டிராக்டர்ல மண்ணோட சேத்து அனுப்பிடாதீங்க.