ஓர் எழுத்து வித்தியாசத்தில் இரண்டு பெயர்கள்: தும்பறை மலையின் குட்டை ஓணான்

ஓணான் என்றதும் வேலியில் தலையாட்டிவிட்டு ஓடுகிற பிராணிதான் நினைவுக்கு வரும். இது ஓடாது. இலங்கையின் நக்கிள்ஸ் மலையில், பாசி போர்த்திய கிளைகளுக்கு நடுவே, வாலால் சுள்ளியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கும். வாலை விட்டுவிட்டால் உடல் ஒரு விரல் நீளம்தான். பெயர் கோஃபோடிஸ் தும்பரா. கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தாலும் கண்ணில் படாமல் தப்பிவிடும். கண்ணில் பட்டுவிட்டால் தப்பிக்க வழியில்லை என்பதுதான் அதன் பிரச்சினை.

2006 வரை கோஃபோடிஸ் பேரினத்தில் ஒரே இனம்தான் எஞ்சியிருந்தது. 1861 இல் பெர்லினில் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் பெயரிட்ட கோஃபோடிஸ் சைலானிக்கா அது. ஹோர்ட்டன் சமவெளி, நுவரெலியா, ஹக்கல பகுதிகளின் குளிர்காடுகளில் வாழ்வது. சுமாத்திராவில் பற்றும் வாலோடு இருந்த ஓர் ஓணானையும் ஒரு காலத்தில் இதே பேரினத்தில் வைத்திருந்தார்கள். வால் ஒத்துப்போனதே தவிர மற்றவை ஒத்துப்போகவில்லை. பிறகு அதைப் பிரித்து சூடோகோஃபோடிஸ், அதாவது போலி கோஃபோடிஸ், என்று தனிப் பேரினமாக்கினார்கள். மரத்தில் தொங்கி வாழும் பிராணிகளுக்கு இப்படிப்பட்ட வால் வெவ்வேறு வழிகளில் உருவாகக்கூடும். ஒரே ஓர் உறுப்பை நம்பி உறவு சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

2006 இல் நக்கிள்ஸ் மலையின் ஓணானை இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே புதிய இனமாக விவரித்தன. இரு குழுக்களும் மலையின் பழைய பெயரான தும்பறையையே எடுத்துக்கொண்டன. ஒன்று ‘தும்பரா’ என்று அப்படியே வைத்தது. மற்றது லத்தீன் வேற்றுமை உருபு சேர்த்து, ‘தும்பறையின்’ என்ற பொருளில் ‘தும்பரே’ என்றது. எழுத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் விலங்குப் பெயரிடல் விதிகளின்படி அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள்.

இந்த இடத்தில் பேசுவது முன்னுரிமை விதி. முதலில் வெளியான பெயர் நிற்கும். பின்னது ஒத்தபெயராக, அதாவது அதே இனத்தின் செல்லாத மறுபெயராக, அதன் கீழே போகும். முதலில் கண்டவர் யார், முதலில் எழுதத் தொடங்கியவர் யார் என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. வெளியீட்டு நாள் மட்டும்தான். இதழில் மாதம் மட்டும் அச்சாகி, வேறு சான்றும் இல்லாவிட்டால் அந்த மாதத்தின் கடைசி நாள் என்று கொள்வார்கள். ஆண்டு மட்டும் இருந்தால் டிசம்பர் 31. இரண்டும் ஒரே நாளில் வந்திருந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஒன்றை முதலில் தேர்ந்து எழுதும் ஆய்வாளரின் தேர்வு செல்லும். தும்பரா நின்றது, தும்பரே ஒத்தபெயரானது. ஆனால் செத்துப்போகவில்லை. இரண்டு பெயர்களுக்கும் தனித்தனி முதன்மை வகைமாதிரிகள், அதாவது பெயர் எதைக் குறிக்கிறது என்பதற்குச் சாட்சியாகப் பாதுகாத்து வைத்த உடல்கள், உண்டு. அந்த இரு உடல்களும் வெவ்வேறு இனங்கள் என்று நாளை யாராவது நிறுவினால், தும்பரே எழுந்து வரும்.

இதெல்லாம் அருங்காட்சியகத்துப் பஞ்சாயத்து என்று தள்ளிவிட முடியாது. மத்திய மலைநாட்டுக்கும் நக்கிள்ஸுக்கும் இடையே மகாவலிப் பள்ளத்தாக்கு கிடக்கிறது. குளிர்காட்டை விட்டு இறங்காத பிராணிக்கு அது கடல் மாதிரி. இரண்டு மலைகளிலும் இருப்பது ஒரே இனம் என்றால், நக்கிள்ஸில் அழிந்தாலும் ‘நுவரெலியாவில் இருக்கிறதே’ என்று ஃபைலை மூடிவிடலாம். தனி இனம் என்றானதும் கணக்கே வேறு: உலகத்திலேயே அதற்கு இருப்பது இந்த ஒரு மலைத்தொடர். மரநிழலில் ஏலக்காய் போட அடிக்காட்டை வெட்டியதும் அங்கேதான். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைத் தொகுக்கும் செம்பட்டியலில் அது மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம். 2019 இல், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் இரண்டு கோஃபோடிஸ் இனங்களும் சேர்ந்தன. சுங்கத்தில் பெட்டியைத் திறக்கும் அதிகாரி அந்தப் பட்டியலில் தேடப்போவது பெயரைத்தான்.

சரி, எதிரே இருப்பது இதுதான் என்று எப்படி அறிவது? நிறத்தைப் பார்க்காதீர்கள். ஓணான்கள் சில நிமிடங்களில் நிறம் மாற்றும். முதலில் காதைப் பாருங்கள். கண்ணுக்குப் பின்னால் செவிப்பறை வட்டமாக வெளியே தெரிந்தால் அது கலோட்டிஸ் பேரினத்து ஓணான். தெரியாவிட்டால் மூக்கைப் பாருங்கள். மூக்கின் மேல் உருண்டையான குமிழ் இருந்தால் லைரியோசெஃபாலஸ். மூக்கு நுனியில் இலை போலத் தட்டையான, சதைப்பற்றான கொம்பு நீண்டால் செரடோஃபோரா டெனென்டி. அதுவும் நக்கிள்ஸுக்கே உரியது. குமிழும் இல்லை, கொம்பும் இல்லை, பக்கவாட்டில் தட்டிய உடம்பில் சிறிதும் பெரிதுமாய்க் கேடயம் போன்ற செதில்கள், சுருண்டு பிடிக்கும் குட்டை வால் என்றால் கோஃபோடிஸ். கிரேக்கத்தில் ‘கோஃபோஸ்’ என்றால் செவிடு. வெளியே செவிப்பறை இல்லாததால் வந்த பெயர்.

கொம்பில் அடிக்கடி ஏமாறுவார்கள். செரடோஃபோரா என்றால் கொம்பு தாங்கி. ஆனால் அதே பேரினத்தில் கரு, எர்டெலெனி என்ற இரண்டு இனங்களுக்குக் கொம்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஸ்டொடார்ட்டி இனத்தின் கொம்பு ஒற்றைச் செதில், பெண்ணில் அது மிகச் சிறியது அல்லது இல்லை. ஆஸ்பெராவுக்குப் பல செதில்கள் மூடிய கூம்பு. ஆகவே ‘கொம்பில்லை, அதனால் கோஃபோடிஸ்’ என்று ஒரே தாவலில் முடிவுக்கு வராதீர்கள். செதிலும் வாலும் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும்.

இன்னொரு பொறி, பழைய பெயர். நக்கிள்ஸின் ஒரு கலோட்டிஸ் நெடுங்காலம் லியோசெஃபாலஸ் என்ற பெயருக்குள் அடங்கிக் கிடந்தது. 2014 இல்தான் பெத்தியாகொடை என்று தனி இனமானது. அதற்கு முந்தைய பதிவுகளில் ‘நக்கிள்ஸ், லியோசெஃபாலஸ்’ என்றிருந்தால் இன்றைய பெயரில் மாற்றி வாசிக்க வேண்டும்.

இனத்தை நிறுவுவது அனுமதி பெற்ற ஆய்வாளரின் வேலை. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் காட்டில் ஓர் ஓணானைத் தொடுவதும் குற்றம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் மாதிரி எடுக்கும் வேலையில் வரிசை முக்கியம். உயிரோடு இருக்கும்போதே படம், ஏனென்றால் பதப்படுத்தும் சாராயத்தில் (எத்தனாலில்) நிறம் போய்விடும். அடுத்து மரபணுவுக்கான திசு, 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில். அதன் பிறகுதான் உடலை விறைக்கவைத்துப் பதப்படுத்தும் ஃபார்மலின்: கடைச்சரக்கு ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். வரிசை மாறி ஃபார்மலின் முதலில் போனால் மரபணு பிணைந்து சிதைந்து, வாசிக்கப் பெரும்பாடு. விறைப்பதற்கு முன்பே விரல்களை விரித்து, சுருண்ட வாலை நீட்டி வைக்க வேண்டும். தவறினால் நான்காம் விரலின் அடித்தகடுகளை (விரலடியில் உள்ள குறுக்குச் செதில்களை) எண்ணவே முடியாது. பிறகு கழுவி 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுவார்கள். அடையாளச் சீட்டு பென்சிலில். பால்பாயின்ட் மை எத்தனாலில் கரைந்து, எங்கே பிடித்தது என்பதே தெரியாத பிணம் மிஞ்சும்.

அளவை 0.1 மில்லிமீட்டர் வரை காட்டும் காலிப்பரில் எடுப்பார்கள்: மூக்கு நுனி முதல் கழிவாய் வரை, தலை நீளம், தலை அகலம். உதட்டுச் செதில்கள் இரு பக்கமும் தனித்தனியாக, நடு உடலைச் சுற்றிய செதில் வரிசை, பிடரிமுள். ஒரே உடலை வைத்துப் புது இனம் சொன்னால், வயது வித்தியாசத்தையோ ஆண் பெண் வித்தியாசத்தையோ இன வித்தியாசமாக எழுதிவிடும் அபாயம் உண்டு.

மலையேறப் போகிற உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். தொடாமல், கிளையை வளைக்காமல், தலையின் பக்கவாட்டை ஒரு படம், காதுப் பகுதி தெளிவாக. மூக்கு நுனி ஒன்று, முதுகு ஒன்று, வால் பிடித்திருக்கும் விதம் ஒன்று. பிராணி போன பிறகு அதே சுள்ளியின் பக்கத்தில் பேனாவை வைத்து ஒரு படம் எடுங்கள், அளவு தெரியும். நேரம், கடல் மட்டத்திலிருந்து உயரம், தரையிலிருந்து எத்தனை அடி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இடத்தை மட்டும் வெளியே சொல்லாதீர்கள். கோஃபோடிஸ் முட்டையிடாது, குட்டி போடும். சினையான ஒரு பெண்ணைச் சட்டைப்பைக்குள் கடத்தினால் போதும், குட்டிகளை ‘வளர்ப்பில் பிறந்தவை’ என்று விற்றுவிடலாம். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் ஆபத்தான இனங்களின் இடத்தைத் தாமாகவே மங்கலாக்கும். முகநூலில் நீங்களே ‘இத்தனையாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில்’ என்று எழுதினால் அந்த மங்கல் எதற்கு? பதிவேற்றும் முன் படத்தின் இடத்தகவலை நீக்குங்கள். பின்னால் பெயர்ப்பலகையோ நடைபாதை வளைவோ தெரிந்தால் வெட்டிவிடுங்கள்.