தட பாத்தியம் இல்லாம நிலம் வாங்கிடாதீங்க

நிலம் வாங்க வர்றவங்க பட்டா, ஈசி (வில்லங்கச் சான்று), தாய்பத்திரம் எல்லாம் கரெக்டா எடுத்துட்டு வந்துடறாங்க, ஆனா சொத்து விவரத்துல கடைசியா "மாமூல் வழிநடை தட பாத்தியம் சகிதம்"னு (வழக்கமா நடந்து போற வழி உரிமையோட சேர்த்துன்னு அர்த்தம்) ஒரு வரி வரும் பாருங்க, அதை யாரும் படிக்கிறதே இல்ல. பத்திர ரைட்டர் வழக்கமா போடறதுன்னு விட்டுடறாங்க.

அந்த பாத்தியம்தான் சட்டத்துல ஈஸ்மென்ட். 1882ல வந்த சட்டம், இன்னிக்கும் அதான் ஓடுது. பக்கத்து நிலத்துல உங்களுக்கு ஒரு சென்ட் கூட சொந்தம் கிடையாது, ஆனா அது வழியா நடக்கலாம், வாய்க்கால்ல தண்ணி கொண்டு போகலாம். உரிமை உங்க நிலத்தோட ஒட்டினது, நிலம் கை மாறினா அதுவும் கூடவே போகும், தனியா பிரிச்சு விக்க முடியாது. (கிணத்துல கால் பங்குன்னு எழுதியிருந்தா அது வேற, அது சொந்தப் பங்கு.)

என்கிட்ட வர்றவங்க பாதி பேர் சொல்றது "சார், 20 வருஷமா நடக்கறோம்". தனியார் நிலத்துல பாத்தியம் வர 20 வருஷக் கணக்குதான், ஆனா வெறுமனே நடந்தா பத்தாது. ஒளிவு மறைவு இல்லாம, தடையில்லாம, உரிமையா நடந்திருக்கணும். அண்ணே கொஞ்சம் வழி விடுங்கன்னு கேட்டு நடந்திருந்தா அது அனுமதிதான், எத்தனை வருஷமானாலும் பாத்தியமா மாறாது. அரசு நிலம்னா 30 வருஷம். இன்னொன்னு, பக்கத்து நிலத்துக்காரர் வழியை மறிச்சு கம்பி வேலி போட்டுட்டார்னா 2 வருஷத்துக்குள்ள கோர்ட்டுக்கு போயிடணும், ஊர்ல பேசிக்கலாம் பேசிக்கலாம்னு இழுத்துட்டு மூணாவது வருஷம் வந்தா இந்த 20 வருஷக் கணக்கு உதவாது.

அண்ணன் தம்பி பாகம் பிரிச்சு ஒருத்தருக்கு உள்பக்கம் மாட்டிக்கிச்சு, வேற வழியே இல்லைன்னா அவசியத்தால வர்ற வழி உரிமை கேக்கலாம். ஆனா சுத்து வழி ஒண்ணு இருந்தா, அது எவ்வளவு தூரமா இருந்தாலும், இது கிடைக்கிறது கஷ்டம்.

அதனால கிரயப் பத்திரத்துல மொட்டையா "மாமூல் தடம்"னு போடாதீங்க. எந்த சர்வே நம்பர்ல, எந்தப் பக்கம், தென்வடலா கிழமேலா, எத்தனை அடி அகலம், டிராக்டர் போலாமா, பைப் பதிக்கலாமா, எல்லாத்தையும் எழுதுங்க. முக்கியமா, தடம் போற நிலம் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. விக்கறவர் பேர்ல இல்லாத நிலத்துல அவர் புதுசா தடம் எழுதிக் குடுத்தா செல்லாது, அந்த நிலத்துக்காரரே வந்து கையெழுத்து போட்டு ரிஜிஸ்டர் பண்ணிக் குடுக்கணும்.