கலங்கின தண்ணியும் ரெண்டு முருங்கை விதையும்

அக்கா பொண்ணு எட்டாவது படிக்கிறா. சுற்றுச்சூழல் ப்ராஜெக்ட்னா தெர்மாகோல், சார்ட், ஸ்கெட்ச் பேனா எல்லாம் வாங்கி ராத்திரியோட ராத்திரியா ஒட்டி முடிக்கிறதுதான் அவங்க வீட்டு வழக்கம், ஆனா இந்த தடவை மிஸ் கறாரா "கையால செஞ்சு, அளந்து, எழுதிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டாங்களாம். "மாமா, ஏரித் தண்ணிய தெளிய வைக்கலாமா?"ன்னு வந்து நின்னா. மழை பேஞ்ச மறுநாள் அது, ஏரி டீ கலர்ல கிடந்துச்சு. ஆறு பாட்டில்ல ஒவ்வொரு லிட்டர் மோந்துட்டு வந்தோம்.

முதல் பாட்டில்ல ஒண்ணுமே போடல, சும்மா வச்சோம். மணல் உடனே அடியில உக்காந்துடுச்சு, ஆனா தண்ணி மறுநாளும் அதே டீ கலர்தான். காரணம் சைஸ். 0.1 மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் கீழ இறங்க ரெண்டு நிமிஷம் போல ஆகும், அதுவே 1 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) களிமண் துகளுக்கு பத்து நாளுக்கு மேல ஆகும், ஏன்னா இறங்குற வேகம் விட்டத்தோட வர்க்கத்தைப் பொறுத்து மாறும், நூறு மடங்கு சின்னதா இருந்தா பத்தாயிரம் மடங்கு மெதுவா இறங்கும்.

சரி, சின்னச் சின்ன துகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா பெருசாகி சீக்கிரம் இறங்கிடுமே? அங்கதான் விஷயமே இருக்கு. களிமண்ணுக்குள்ள சிலிக்கான் இருக்க வேண்டிய சில எடத்துல அலுமினியம் உக்காந்திருக்கும், அதுக்கு ஒரு பிளஸ் கம்மி, அதனால துகள் மொத்தத்துக்கும் மைனஸ் மின்சுமை வந்துடுது. எல்லாமே மைனஸ்னா பக்கத்துல வந்தாலே தள்ளிக்கும். பால்லயும் இதே கதைதான், கேசின்ங்கிற புரத உருண்டை எல்லாம் மைனஸா ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டு மிதக்குது, எலுமிச்சம்பழம் புழிஞ்சா அந்த மின்சுமை போயிடும், பால் திரிஞ்சிடும். ஏரித் தண்ணியையும் அப்படித்தான் "திரிய" வைக்கணும்.

அதுக்கு பிளஸ் மின்சுமை உள்ள ஏதாவது வேணும். முருங்கை விதைப் பருப்புல தண்ணியில கரையற சின்னச் சின்ன புரதம் இருக்கு, சாதாரண தண்ணியில அது பிளஸ்ஸாதான் இருக்கும். மரத்துலயே முத்தி காஞ்ச நெத்துல இருந்து ரெண்டு விதை எடுத்து, இறக்கை மாதிரி இருக்கிற தோலை உரிச்சு, பருப்பை அம்மியில நசுக்கி, கொஞ்சம் தண்ணியில கலக்கி துணியில வடிகட்டி, ரெண்டாவது பாட்டில்ல ஊத்தினோம். ஒரு நிமிஷம் வேகமா கலக்கணும், அப்பதான் புரதம் எல்லா எடத்துக்கும் போகும். அப்புறம் பத்து பதினஞ்சு நிமிஷம் மெதுவா, ரொம்ப மெதுவா கலக்கணும், துகள் ஒண்ணோட ஒண்ணு மோதணும், ஆனா ஒட்டினது பிச்சுக்கக் கூடாது. பொறுமை இல்லாம இதை விட்டாதான் பல பேருக்கு சொதப்புது. கொஞ்ச நேரத்துல தவிடு மாதிரி திப்பி திப்பியா தெரிய ஆரம்பிச்சுச்சு, ரெண்டு மணி நேரத்துல மேல் தண்ணி தெளிஞ்சிடுச்சு. சூடான்ல நைல் கலங்கி வர்ற காலத்துல பெண்கள் வீட்டுல செய்யறதும் இதேதான்.

மூணாவது பாட்டிலுக்கு தேத்தாங்கொட்டை. நாட்டு மருந்துக் கடையில கிடைக்கும், பானையோட உள்பக்கம் தேச்சு விட்டுட்டு தண்ணி ஊத்துவாங்க. கலித்தொகையிலயே இது உவமையா வருது, அவ்ளோ பழசு. இதுல இருக்கிற நீள நீளமான சர்க்கரை மூலக்கூறுச் சங்கிலிங்க பல துகளை ஒரே நேரத்துல பிடிச்சு பாலம் மாதிரி இணைச்சிடுது. அஞ்சாவதுல படிகாரம், அதுதான் எல்லாத்தையும் விட வேகமா வேலை செஞ்சுச்சு, மறைக்க வேண்டியதில்ல, ஆனா தண்ணிய கொஞ்சம் அமிலமாக்கிடும், முருங்கை அப்படி ஆக்காது.

நாலாவது பாட்டில்தான் எனக்குப் பிடிச்சது. "ரெண்டு விதைக்கே இப்படின்னா பத்து போட்டா இன்னும் சூப்பரா வரும்ல மாமா"ன்னு பத்து விதை அரைச்சு ஊத்திட்டா. தெளியவே இல்ல, வெளுத்துப் போய் பால் கலந்த மாதிரி நின்னுச்சு. விதையோட சக்கை கொஞ்சம் மிதக்கிறது ஒரு காரணம். இன்னொண்ணு, புரதம் அளவுக்கு மீறினா ஒவ்வொரு துகளையும் சுத்தி மூடிக்கும், மைனஸா இருந்தது எல்லாம் பிளஸ்ஸா மாறிடும், பிளஸ்ஸும் பிளஸ்ஸும் மறுபடி தள்ளிக்கும். பாப்பா அந்தப் பாட்டிலை லிஸ்ட்லயே சேர்க்க வேணாம்னா. நான் விடல, அதைத்தான் முதல் பக்கத்துல எழுத வச்சேன்.

அளக்கறதுக்கு பெரிய மெஷின் எதுவும் வேணாம். ஒரு முனை அடைச்ச கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பைப், அடியில பேனாவால போட்ட கறுப்பு பிளஸ் குறி, மேல இருந்து பாத்துக்கிட்டே தண்ணி ஊத்தி, குறி எந்த உயரத்துல மறையுதுன்னு ஸ்கேல்ல பாத்தோம். 1865ல ஆஞ்செலோ செக்கின்னு ஒரு இத்தாலிய பாதிரியார், வானியல்காரர், வெள்ளைத் தட்டை கயித்துல கட்டி மத்தியதரைக் கடல்ல இறக்கி எவ்ளோ ஆழத்துல மறையுதுன்னு பாத்தாரே, அதோட தம்பிதான் இது.

ஆறாவதுல ஒரு கரண்டி கல்லு உப்பு மட்டும். ராத்திரி வச்சோம், காலையில தெளிஞ்சிருந்துச்சு. உப்புல இருக்கிற அயனிகள் துகளோட மின்சுமை எட்டற தூரத்தை சுருக்கிடும், அப்புறம் ஒட்டிக்கும். ஆறு கடல்ல கலக்கிற எடத்துல வண்டல் படியறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

தெளிஞ்சா குடிக்கலாமான்னு அக்கா கேட்டாங்க. கூடாது, திப்பியோட நிறைய பாக்டீரியா கீழ போயிடும்தான், ஆனா மிச்சம் இருக்கிறது மறுபடி பெருகும், கொதிக்க வைக்காம வாயில வைக்கக் கூடாது. அதுவும் விதையில இருக்கிற மத்த சத்தெல்லாம் தண்ணியிலயே தங்கிடுறதால அதுங்களுக்கு நல்ல சாப்பாடு. மூணாம் நாள் நாலாவது பாட்டிலை மட்டும் மொட்டை மாடிக்கு அனுப்பிட்டாங்க அக்கா, நாத்தம் தாங்கல.